மதுரையில் எந்தத் தெருவில் தங்குவது?

மதுரைக்குக் கிளம்புகிறவர்கள் தெரிந்தவர்களிடம் முதலில் கேட்பது, “எந்த ஓட்டல் நல்லா இருக்கும்?” என்பதுதான். அறை சுத்தமா, ஏசி வேலை செய்யுமா, கார் நிறுத்த இடம் உண்டா, காலை டிபன் வாடகையில் சேர்த்தியா என்றெல்லாம் விசாரிப்பார்கள். அந்த ஓட்டல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை முன்பணம் கட்டிய பிறகுதான் பார்ப்பார்கள். பல ஊர்களுக்கு இந்த வரிசை போதும், மதுரைக்குப் போதாது. மதுரையின் நல்ல நேரங்கள் இரண்டு. ஒன்று, விடிவதற்கு முன்னும் பின்னுமாக ஓரிரு மணி நேரம். மற்றது, இரவு எட்டரைக்கு மேல். இந்த இரண்டும் ஒருவருக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பதை அவர் தங்கும் தெருதான் தீர்மானிக்கிறது. முதல்முறையாக இரண்டு மூன்று இரவுகளுக்கு மதுரைக்குப் போகிறவர் நான்கு வெளி வீதிகளுக்கு உள்ளேதான் தங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே தங்குவதில் சிரமங்கள் உண்டு. அவற்றையும் சேர்த்து எடைபோட்ட பிறகே இதைச் சொல்கிறேன்.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்தக் கருத்தின் காரணம் விளங்கும். நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். கோயில் மதிலுக்கு உட்புறம் ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே அதை ஒட்டிச் சித்திரை வீதிகள். அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு பக்கங்கள். கிழக்குப் பக்கம் கீழ மாசி என்றும் மேற்குப் பக்கம் மேல மாசி என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்தந்த மாதத் திருவிழாவில் சுவாமி வலம் வந்த வீதி என்பதே இந்த மாதப் பெயர்களுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்தச் சதுரங்கள் 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் ஒழுங்கு பெற்றன. அடுத்த நூற்றாண்டில் திருமலை நாயக்கர், மாசியில் நடந்துவந்த தேரையும் திருக்கல்யாணத்தையும் சித்திரைக்கு மாற்றினார். திருவிழா மாதம் மாறியது, தெருவின் பெயர் மாறவில்லை. சித்திரைத் தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். நாள்காட்டியைத் தரையில் விரித்துவைத்தது போன்ற ஊர் இது. அந்த நாள்காட்டிக்குள் படுத்து எழுகிறவருக்கும், வெளியே இருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் ஒரே மதுரை தெரியாது.

மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில், மாதத்தோடு ஒட்டாத இரண்டு பெயர்கள் உண்டு: பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை அந்தப் பகுதியில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் சுவரை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் ஏற்பாடு செய்தார். அந்த வேலையில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட்டின் பெயரும் மேஸ்திரி பெருமாளின் பெயரும் புதிதாகக் கிடைத்த தெருக்களுக்கு வந்தன. பிளாக்பர்னுக்கு ஊரார் எழுப்பிய நினைவுச் சின்னம்தான் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் விளக்குத்தூண். கோட்டையின் மேற்கு வாசலில் மிஞ்சியிருக்கும் கல்கட்டுமானத்தைப் பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டி இப்போதும் பார்க்கலாம். ஆக, வெளி வீதி என்பது பழைய ஊர் முடிந்த எல்லை. 1875-இல் ரயில் வந்தபோது அந்த எல்லைக்கு மேற்கே ஸ்டேஷன் அமைந்தது. அதற்கும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, வழிப்போக்கர்கள் தங்குவதற்காக அதே மேற்குப் பக்கத்தில் ராணி மங்கம்மாளின் சத்திரம் இருந்தது. இன்றைக்கும் ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என்ற பெயர் வழங்குகிறது. மேல வெளி வீதி, மேல பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு ஆகியவற்றில் லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்பதற்கு இப்படி ஒரு நீண்ட பின்னணி இருக்கிறது. வெளியூர்க்காரர்களை மதுரை வெகுகாலமாகத் தன் மேற்கு வாசலில்தான் இறக்கிப் படுக்கவைத்திருக்கிறது.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். கோயில் அதிகாலை 5 மணியளவில் திறக்கிறது. பகல் 12.30 மணியளவில் நடை சாத்தி, மாலை 4 மணிக்கு மறுபடி திறந்து, இரவு 10 மணியளவில் மூடுகிறார்கள். இந்த மூன்றரை மணி நேர இடைவெளியைப் பயணத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஊருக்கு வெளியே தங்கியிருக்கும் குடும்பம் காலை டிபனை முடித்துக்கொண்டு, ஒன்பதரைக்குக் கிளம்பி, பத்து மணி சுமாருக்கு வந்து சேரும். கூட்டம் ஏறியிருக்கும், கல் தரை சூடேறத் தொடங்கியிருக்கும். தரிசன வரிசையிலேயே பாதி நேரம் போய்விடும். ஆயிரங்கால் மண்டபத்தின் தூண்களைப் பொறுமையாகப் பார்க்க ஆரம்பிக்கும்போது நடை சாத்துகிற நேரம் வந்துவிடும். அதன் பிறகு நாலு மணி வரை என்ன செய்வது? சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிற ஊர் இது. குழந்தையையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள், அல்லது ஓட்டலுக்குத் திரும்பிப் போய்விட்டு மறுபடி வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிடுவார்கள். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு மதுரை என்பது இரண்டரை மணி நேரக் கூட்டம், அவ்வளவுதான்.

மாசி வீதியை ஒட்டித் தங்கியிருப்பவரின் நாள் வேறு மாதிரி. விடிகாலையில் குளித்துவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் கோபுர வாசல். சித்திரை வீதிகளில் வண்டி வாகனம் கிடையாது. அந்த நேரத்தில் பூ கட்டுகிறவர்களும், வாசல் தெளிக்கிறவர்களும், வழக்கமாகக் காலையில் அம்மனைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகும் ஊர்க்காரர்களும்தான் இருப்பார்கள். மதிலுக்குள் ஆடி வீதியில் நின்று, 1559-இல் எழுந்த தெற்குக் கோபுரத்தின் மேல் முதல் வெயில் விழுவதைப் பார்க்கலாம். ஏறக்குறைய 52 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தைக் கழுத்து வலிக்காமல் பார்க்க, நெரிசலில்லாத அந்த முற்றமும் அந்த வேளையும் வேண்டும். எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பி, டிபன் முடித்து, திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்தே போய் வரலாம். உச்சி வெயிலில் அறையில் படுத்துக் கிடக்கலாம். நாலு மணிக்கு மேல் மறுபடி எழுந்து நடக்கலாம். இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. 2018 முதல் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதியில்லை. வெளியே இருந்து வருகிறவர்கள் போனை ஒரு கவுண்டரிலும் செருப்பை இன்னொரு இடத்திலும் ஒப்படைத்து, திரும்ப வாங்க வரிசையில் நிற்க வேண்டும். போன வாசல் வழியாகவே வெளியே வர வேண்டிய கட்டாயமும் அதனால் வருகிறது. பக்கத்தில் தங்கியிருப்பவர் போனை அறையிலேயே வைத்துவிட்டு வரலாம். ஒரு கோபுர வாசலில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறலாம். நான்கு திசையும் வாசலாக உள்ள கோயிலை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இரவைப் பற்றிச் சொல்லாமல் மதுரையைப் பற்றிப் பேச முடியாது. ஒவ்வொரு நாள் இரவும் நடை சாத்துவதற்கு முன்பு, சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, சுவாமி சன்னதியிலிருந்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்கிறார்கள். மேளமும் சாம்பிராணிப் புகையுமாக அந்தப் பல்லக்கு பிரகாரத்தைக் கடக்கும்போது உடன் நடக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள். பார்க்கக் கட்டணமில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். அது முடிந்து வெளியே வந்தால் ஊர் இன்னும் விழித்திருக்கும். தட்டுக்கடைகளில் இட்லி ஆவி, பரோட்டாக் கல்லின் சத்தம், தள்ளுவண்டியில் பருத்திப்பால். இந்த இரவு வாழ்க்கை சமீபத்தில் முளைத்ததில்லை. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், பகல் கடைவீதியான நாளங்காடியையும் இரவுக் கடைவீதியான அல்லங்காடியையும் விரிவாகப் பாடியிருக்கிறார். மாலையில் தொடங்கி விடியும்வரை இந்த ஊரின் ஒவ்வொரு ஜாமத்தையும் விவரித்திருக்கிறார். தூங்கா நகரம் என்ற பட்டத்துக்கு அவ்வளவு பழைய சாட்சி இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்து ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்வது, வந்த காரியத்தில் பாதியை விட்டுவிட்டுப் போவதாகும்.

“ஆட்டோவிலோ காரிலோ இருபது நிமிடம்தானே, எங்கே தங்கினால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குக்கு அது சரி. ஆனால் அந்த இருபது நிமிடத்தை ஒரு நாளில் எத்தனை முறை கடக்க மனம் வரும் என்பதுதான் கேள்வி. விடிகாலை ஒரு முறை, வெயிலுக்குத் திரும்ப ஒரு முறை, மாலையில் மறுபடி ஒரு முறை, இரவில் திரும்ப ஒரு முறை என்று நான்கு நடை போக யாருக்கும் தோன்றாது. ஒரே நடையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றியதும் விடிகாலையும் இரவும் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன. யானைக்கல், கோரிப்பாளையம் வழியாக வைகையைக் கடக்கும் சாலைகள் மாலை நேரத்தில் திணறுவதையும் சேர்த்துக்கொண்டால் இருபது நிமிடம் என்பதே பல நாட்களில் நிற்காது.

சத்தம், நெரிசல், சிறிய அறை என்ற குறைகள் உண்மையானவை. பழைய ஊருக்குள் உள்ள லாட்ஜுகள் பலவற்றில் அறைகள் சின்னவை. சிலவற்றில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். இதே வாடகைக்கு வைகைக்கு வடக்கே விசாலமான அறையும் தோட்டமும் கிடைக்கும். ஆனால் அறை எதற்கு என்பதை யோசிக்க வேண்டும். விடுமுறையைக் கட்டிலில் கழிக்க வருகிறவருக்கு அறைதான் ஊர். மதுரையைப் பார்க்க வருகிறவருக்கு அறை என்பது குளிக்கவும், உச்சி வெயிலுக்கு ஒதுங்கவும், ஆறு மணி நேரம் தூங்கவும். தெருவைப் பார்க்காத உள்பக்க அறையைக் கேட்டு வாங்கினால் சத்தம் பெருமளவு குறையும். காரில் வருகிறவர்களின் கவலைக்கு இப்போது ஓரளவு வழி பிறந்திருக்கிறது. வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பல்லடுக்கு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும்போது மட்டும் எடுப்பது நல்லது. மாசி வீதிக்குள் கார் ஓட்டுவதால் யாருக்கும் நேரம் மிச்சமாவதில்லை.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் தயங்குவார்கள். “அப்பாவால நடக்க முடியாது, அதனால வெளியில பெரிய ஓட்டல்ல தங்கிக்கலாம்” என்பது வழக்கமான முடிவு. என் யோசனை இதற்கு நேர்மாறானது. நடக்க முடிந்தவர் எங்கே தங்கினாலும் சமாளித்துக்கொள்வார். நடக்கச் சிரமப்படுகிறவருக்குத்தான், அரை மணி நேரம் கோயிலில் உட்கார்ந்துவிட்டுக் களைப்பானால் உடனே போய்ப் படுக்கவும், தெம்பு வந்தால் மறுபடி வரவும் ஏதுவான இடம் வேண்டும். லிப்ட் உள்ள லாட்ஜா, அறை எந்த மாடி, வாசல் வரை ஆட்டோ வருமா என்ற மூன்றையும் போனில் கேட்டுவிட்டு ஆவணி மூல வீதியிலோ மாசி வீதியிலோ அறை எடுத்தால், அந்தப் பெரியவர் ஒரு நாளில் இரண்டு முறை அம்மனைப் பார்ப்பார். வெளியே தங்கினால் ஒரு முறை பார்ப்பதே பெரும்பாடு.

வெளி வீதிகளுக்கு உள்ளே என்று முடிவு செய்தபின் எந்தப் பக்கம் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் தெருக்களின் குணம் தெரிந்திருக்க வேண்டும். மேற்குப் பக்கம், அதாவது மேல மாசி வீதிக்கும் மேல வெளி வீதிக்கும் இடைப்பட்ட பகுதி, எல்லாருக்கும் பொதுவான தேர்வு. ஸ்டேஷன் நடக்கிற தூரம். கோயில் ஒரு கிலோமீட்டர். சிட்டி பஸ்ஸுக்குப் பெரியார் நிலையம் பக்கம். நள்ளிரவில் ரயிலிலிருந்து இறங்கினாலும் தெருவில் ஆளும் வெளிச்சமும் இருக்கும். தனியாக வரும் பெண்களுக்கு இது முக்கியமான காரணம். கூடலழகர் கோயிலும், இம்மையில் நன்மை தருவார் கோயிலும், காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலும் இந்தப் பக்கத்தில்தான். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையைத் துறந்து இடுப்பு வேட்டிக்கு மாறிய வீடும் மேல மாசி வீதியில் இருக்கிறது. இப்போது அங்கே கதர்க் கடை நடக்கிறது. மதுரை வந்து போகிற எத்தனையோ பேர் அந்த வாசலைத் தெரியாமலே கடந்து போகிறார்கள் என்பது வருத்தம் தருகிறது.

கிழக்கின் குணம் வேறு. கீழ மாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்தின் தெரு. கீழ மாரட் வீதி வெங்காய மார்க்கெட்டுக்குப் பெயர் போனது. மூட்டை இறக்கும் சத்தம் காலையிலேயே தொடங்கிவிடும். நல்ல தூக்கம் வேண்டுமென்பவர்களுக்கு ஒத்துவராது. ஆனால் ஒரு வியாபார ஊர் எப்படி மூச்சுவிடுகிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு, மிளகாயும் மல்லியும் மணக்கிற அந்தத் தெருவுக்கு ஈடில்லை. தேர்கள் நிற்கும் தேர்முட்டியும் அங்கேதான். கீழ வெளி வீதியில் தூய மரியன்னை பேராலயம் இருக்கிறது. தெற்கே விளக்குத்தூண் சுற்றுவட்டாரம் துணிக்கடைகள். மகாலைச் சுற்றிய தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள். மகாலின் ஒரு பகுதியாக இருந்து இப்போது தெருவுக்குள் தனித்து நிற்கும் பத்துத் தூண்களும் அங்கே உண்டு. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் இந்தப் பக்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைத் தெரு. கடைகள் சாத்திய பிறகு சட்டென்று ஆளரவம் அடங்கிவிடும். அமைதி வேண்டுபவர்களுக்கு அது நல்லது, இரவில் உலாவ விரும்புகிறவர்களுக்கு வெறிச்சென்றிருக்கும். வடக்கு மாசி வீதிப் பக்கம் லாட்ஜுகள் குறைவு. பழைய வீடுகளும் திண்ணைகளும் இன்னும் ஓரளவு மிஞ்சியிருக்கும் பக்கம் அது. நான்கு பக்கங்களையும் ஒப்பிட்டால், இடம் கிடைக்கும் பட்சத்தில், மேல மாசி வீதிக்கு உட்புறமாகக் கோயிலை நோக்கிய தெருக்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஸ்டேஷனுக்கு எதிரே நிற்கும் லாட்ஜுகளின் பரபரப்பு அங்கே இருக்காது, வசதிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஒரு ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். மொட்டை மாடியிலிருந்து கோபுரம் தெரிய வேண்டும் என்று பலரும் தேடுகிறார்கள். லாட்ஜுக்காரர்களும் அதைச் சொல்லியே அறை விற்கிறார்கள். கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீறிய கட்டடங்கள் தொடர்பாக நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஒரு காலத்தில் ஊருக்குள் நுழையும்போதே தெரிந்த கோபுரங்கள் இப்போது தெருமுனைக்கு வந்தால்தான் தெரிகின்றன. நாம் உயரமான மாடியில் நின்று கோபுரத்தைப் பார்க்கும்போது, நமக்குக் கீழே தெருவில் போகிறவருக்கு அதே கோபுரம் மறைந்துபோகிறது. உயரம் குறைந்த, பழைய, சிறிய லாட்ஜில் தங்கினால் அந்தத் தவறுக்கு நம் பணம் போகாது. வெளியூர்க்காரர்கள் தங்க வருவதால்தானே பழைய வீடுகள் இடிந்து லாட்ஜாகின்றன என்று கேட்டால், அதில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வருகிறவர்கள் ஊரைவிட்டு ஒதுங்கித் தங்குவதால் அது நிற்காது. கோயிலுக்கு வரும் கூட்டம் கோயிலுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். வந்தவர்கள் தெருவில் நடந்து, தெருவில் சாப்பிட்டு, அந்தத் தெரு அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்பத் தொடங்கினால், பழையதைக் காப்பாற்றி வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு வருமானமாவது கிடைக்கும்.

வைகைக்கு வடக்கே யார் தங்கலாம்? காரியமாக வருகிறவர்கள் தங்கலாம், தங்கவும் வேண்டும். அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்கள், கோரிப்பாளையம் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் உறவினரை வைத்திருப்பவர்கள், 2004 முதல் மேலூர் சாலையில் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு வழக்கு விஷயமாக வருகிறவர்கள் எல்லாருக்கும் தெற்கே தங்குவது வீண் அலைச்சல். 1999 முதல் வெளியூர் பஸ்களில் பெரும்பாலானவை மாட்டுத்தாவணியில்தான் வந்து நிற்கின்றன. நள்ளிரவில் இறங்கி விடியற்காலையில் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவர் அங்கேயே படுப்பதுதான் புத்திசாலித்தனம். தேனி, கோவைப் பக்கம் போகிறவர்களுக்கு ஆரப்பாளையம் தனி நிலையம் என்பதை மறந்துவிடக் கூடாது. அழகர்கோவில், திருப்பரங்குன்றம், கீழடி என்று சுற்றுப்புறம் பார்க்க வருகிறவர்களும் வெளியே தங்குவதே வசதி என்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. 21 கிலோமீட்டர் தள்ளியுள்ள அழகர்கோவிலும், 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகமும் பகலில் போய்ப் பகலிலேயே திரும்பும் இடங்கள். அவற்றுக்காக இரவுகளை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை. காந்தி அருங்காட்சியகம் மட்டும் வடகரையில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இருக்கிறது. அதற்கு ஒரு முற்பகல் போதும்.

இந்த யோசனை தலைகீழாகிற காலம் ஆண்டில் ஒன்று உண்டு. சித்திரைத் திருவிழா உண்மையில் இரண்டு கரைகளின் இரண்டு விழாக்கள். கொடியேற்றம் முதல் மீனாட்சி பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேர் வரை எல்லாம் தென்கரையில், மாசி வீதிகளை நடுவாக வைத்து நடக்கிறது. அந்த நாட்களில் மாசி வீதிகளில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். வெளியே தங்கியவர் ஊருக்குள் வருவதே பாடு, உள்ளே தங்கியவருக்குத் திருவிழா வாசல்படிக்கே வரும். காலையும் மாலையும் சுவாமி புறப்பாடு வரும் தெருவில் அறை எடுத்தவர், மண்டகப்படியையும் கோலாட்டத்தையும் வேடமிட்ட குழந்தைகளையும் வாசலில் நின்றே பார்க்கலாம். ஆனால் தேர் முடிந்த சில நாட்களுக்குள், சில ஆண்டுகளில் மறுநாளே, அழகர் வைகையில் இறங்குகிறார். அவர் வரும் வழி முழுவதும் வடகரை. மூன்றுமாவடியில் எதிர்சேவை தொடங்குகிறது. புதூர் தாண்டி, ஒவ்வொரு மண்டகப்படியிலும் நின்று, தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு வருகிறார். அங்கே ஆண்டாள் சூடிய மாலையைச் சாத்திக்கொண்டு, தங்கக் குதிரையில் ஏறி, சித்ரா பௌர்ணமி விடியலில் ஆற்றில் இறங்குகிறார். அந்த இரவு பாலங்களைக் கடந்து போவது பெருங்கூட்டத்தோடு மல்லுக்கு நிற்பது.

ஆகவே சித்திரைக்குப் போகிறவர்கள் தங்குவதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தேர் நிலைக்கு வரும்வரை மாசி வீதிப் பக்கம். அன்று மாலையோ மறுநாளோ பெட்டியைக் கட்டிக்கொண்டு தல்லாகுளத்துக்கோ புதூருக்கோ மாறிவிட வேண்டும். கிராமங்களிலிருந்து வரும் குடும்பங்கள் அந்த இரவில் வடகரை மண்டபங்களிலும் மர நிழலிலும் பாய் விரித்துப் படுத்திருக்கும். சர்க்கரைக் கிண்ணத்தில் சூடம் ஏற்றிக்கொண்டும், தோளில் தோல்பையில் தண்ணீர் சுமந்துகொண்டும் அழகரை எதிர்கொள்ள நிற்பவர்களுக்கு நடுவில் இருக்க, அறை அந்தச் சாலையை ஒட்டியே இருக்க வேண்டும். அழகர்கோவில் சாலையில் அந்த நாட்களுக்கான அறைகள் கொடியேற்றத்துக்கு வெகு முன்பே போய்விடும். அறை கேட்கும்போது வாடகைக்கு முன்னால், அழகர் போகும் சாலைக்கு எத்தனை எட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.